குட்டி டெரப்பினுக்கு உணவும் சுண்ணாம்புச் சத்தும்

பச்சோந்தி போன்ற ஊர்வனவற்றை வளர்க்கச் சிலர் ஆசைப்படலாம், ஆனால் சிங்கப்பூரில் பச்சோந்தியை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஊர்வனவற்றுள் நம் வீடுகளில் பெரும்பாலும் வளர்வது, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் டெரப்பின் ஆமைதான். உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக வரும் அது 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது என்பதால், முதல் ஆண்டில் கொடுக்கும் உணவை அலட்சியமாக எண்ணக்கூடாது.

முதலில் நிறுத்த வேண்டியது, காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்க்கும் வழக்கம். என் முதல் குட்டிக்கு நானும் அதையே கொடுத்தேன். சில மாதங்களில் அதன் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன, ஓடும் விரல் பட்டால் அமுங்கியது. கண் வீக்கத்துக்கு வைட்டமின் ஏ குறைவும், ஓடு மென்மையானதற்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவும் காரணங்கள் என்று கால்நடை மருத்துவர் விளக்கியபோது, நான் அன்பாகக் கொடுத்ததே அதை வாட்டியிருக்கிறது என்பது மிகவும் வலித்தது.

குட்டிக்குத் தினமும் ஒரு வேளை, அதன் தலையளவு உணவு போதும். ஆமைகளுக்கென்றே செய்யப்பட்ட உருண்டைத் தீவனம் அடிப்படையாக இருக்கட்டும். வாரத்தில் ஓரிரு நாள் மண்புழுவோ வெட்டுக்கிளியோ சேர்க்கலாம். தேக்காச் சந்தையில் கிடைக்கும் சாய் சிம் கீரை, துருவிய கேரட், பூசணி ஆகியவற்றைச் சிறிதளவு தினமும் மிதக்கவிடுங்கள். குட்டிகள் இறைச்சியையே நாடும், கீரையைப் பல வாரங்கள் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனாலும் விடாமல் வையுங்கள். பசலைக் கீரை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. தங்கமீனை இரையாகப் போடுவதும் தவறு, அது வைட்டமின் பி1 சத்தைச் சிதைக்கும். டெரப்பின் தண்ணீருக்குள்தான் விழுங்கும் என்பதால், தனி வாளியில் வைத்து ஊட்டினால் தொட்டி நீர் கெடாமல் இருக்கும்.

பச்சோந்திக்கு இரையாகக் கொடுக்கும் பூச்சியின்மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவுவதுபோல டெரப்பினுக்குச் செய்ய முடியாது. பொடி நீரில் கழுவப்பட்டுப் போய்விடும். அதனால் கணவாய் ஓட்டை மிதக்கவிடுவதே எளிய வழி. நாட்டு மருந்துக் கடைகளில் கடல் நுரை என்று விற்கப்படுவதும் அதுதான். மருந்து எதுவும் கலக்காத முழு ஓடாகப் பார்த்து வாங்கி, கடினமான பின்புறத்தைச் சீவிவிட்டுப் போடுங்கள், குட்டி தேவைக்கேற்பக் கொறித்துக்கொள்ளும்.

ஆனால் வெயில் இல்லாமல் இந்தச் சுண்ணாம்பு முழுப் பயன் தராது. தோலில் புற ஊதா பி கதிர் படும்போதே வைட்டமின் டி3 உருவாகி, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவுகிறது. கண்ணாடி இந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் மூடிய சன்னலோரத்தில் தொட்டியை வைத்துவிட்டு வெயில் கிடைக்கிறது என்று நிம்மதியடைய முடியாது. காலை 9 மணிக்குமேல் 20 நிமிடங்கள், பாதி நிழலும் ஆழமற்ற நீரும் உள்ள பிளாஸ்டிக் தட்டில், நீங்கள் அருகிலேயே இருந்து வெளியே வையுங்கள். நம் வெயிலில் நிழலில்லாத தட்டு சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும். வெளிப்புற இடமே இல்லாத வீட்டில் புற ஊதா பி விளக்கு தேவை. டி3 சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள், மிகுதியானால் அது உடலில் தங்கித் தீங்கு செய்யும்.

ஆமையைத் தொட்டபின் பிள்ளைகள் சோப்பால் கை கழுவட்டும், சால்மொனெல்லா கிருமி அதன் உடலில் இருக்கக்கூடும். ஓராண்டு கடந்ததும் தீவனத்தை ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறைத்து, கீரையின் பங்கை மெல்லக் கூட்டிக்கொண்டே வாருங்கள்.