பாஸ் ஆன அஞ்சலும் ஸ்பேமில் விழும்: மின்னஞ்சல் சர்வர் அமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்தத் தொடங்கியிருக்கும் சிலருடைய அமைப்புகளைச் சரிபார்த்துக் கொடுக்க அண்மையில் நேர்ந்தது. மென்பொருள் புதிது, வழிகாட்டிக் குறிப்புகளும் ஏராளம். தவறுகள் மட்டும் எங்கள் காலத்தவையே. யார் வேண்டுமானாலும் அஞ்சல் அனுப்பும்படி சர்வரைத் திறந்து போடுவது, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் வைப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றின் விளைவு சீக்கிரமே கண்ணில் பட்டுவிடும். நெடுநாள் வெளியே தெரியாமல் கெடுதல் செய்பவைதாம் எழுதத் தக்கவை.

யாருடைய டொமைனுக்கு பாஸ் என்று பார்க்காமல் விடுவது

ஸ்பேமுக்குப் போன அஞ்சலின் முழுத் தலைப்புப் பகுதியை (சோதனை முடிவுகள் பதிந்திருக்கும் ஹெடரை) திறந்து பார்ப்பார்கள். எஸ்.பி.எஃப். (டொமைனின் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களின் பட்டியல்) பாஸ், டிகிம் (அஞ்சலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) பாஸ் என்று இருக்கும். உடனே அதை மூடிவிட்டு, ஐ.பி. முகவரியின் பெயர் கெட்டிருக்கிறது என்றோ, ஜிமெயில் சிறிய சர்வர்களை வஞ்சிக்கிறது என்றோ முடிவு கட்டிவிடுவார்கள். சற்றுக் கீழே, மூன்றாவது சோதனையான டிமார்க் ஃபெயில் என்று எழுதியிருப்பதை எவரும் படிப்பதில்லை.

தபால் உறையின் மேல் எழுதிய அனுப்புநர் முகவரியும் உள்ளே கடிதத்தாளில் அச்சிட்ட முகவரியும் வேறுவேறாக இருக்கலாம் அல்லவா? மின்னஞ்சலிலும் அப்படித்தான். சர்வர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் உறை முகவரி ஒன்று. பெறுநர் காணும் ஃப்ரம் முகவரி மற்றொன்று. எஸ்.பி.எஃப். சோதிப்பது உறை முகவரியின் டொமைனைத்தான். டிகிம் கையொப்பத்தையோ தன்னிடம் சாவி உள்ள எந்த டொமைனின் பெயரிலும் ஒரு சர்வர் இடலாம். ஆகவே இரண்டும் வேறொருவருடைய டொமைனுக்கு பாஸ் ஆகி, ஃப்ரம் வரியில் உள்ள உங்கள் டொமைனைப் பற்றி எதையும் நிறுவாமலே போகக்கூடும். 2015-இல் ஆர்.எஃப்.சி. 7489 என்னும் இணைய நெறி ஆவணமாக வெளிவந்த டிமார்க் அடைப்பது இந்த ஓட்டையைத்தான்: இரண்டில் ஒன்றாவது பாஸ் ஆக வேண்டும், அவ்வாறு பாஸ் ஆன டொமைன் ஃப்ரம் டொமைனோடு பொருந்தவும் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு சிறு வணிக நிறுவனம் தன் பில்களை வெளிச்சேவை ஒன்றின் வழியாக அனுப்பி வந்தது. உறை முகவரியும் டிகிம் கையொப்பமும் அந்தச் சேவையின் டொமைனில் இருந்தன. பில்கள் ஸ்பேமுக்குப் போகின்றன என்ற புகார் வந்ததும், பொறுப்பில் இருந்தவர் சேவையின் உதவிக் குறிப்பில் கண்டபடி அதன் இன்க்ளூட் வரியை (அந்தச் சேவையின் சர்வர்களையும் அனுமதிக்கும் வரியை) தம் டொமைனின் எஸ்.பி.எஃப். பதிவில் சேர்த்தார். உறை முகவரி தம் டொமைனில் இல்லாதவரை அந்த அஞ்சலுக்காக அந்தப் பதிவை எந்தச் சர்வரும் தேடிப் படிக்காது என்பது குறிப்பை எழுதியவருக்கும் தெரியவில்லை, பின்பற்றியவருக்கும் தெரியவில்லை. பலன் இல்லாததைக் கண்டவர், பாதுகாப்பு போதவில்லை போலும் என்று எண்ணி, டிமார்க் கொள்கையை (பொருந்தாத அஞ்சலை என்ன செய்வது என்று பெறுநர் சர்வர்களுக்குச் சொல்வதை) ‘நன்’ (எதுவும் செய்ய வேண்டாம்) என்பதிலிருந்து நேரே ‘ரிஜெக்ட்’டுக்கு (வாங்காதே) மாற்றினார்.

அதுவரை ஸ்பேம் பெட்டியிலாவது கிடந்த பில்களைப் பெறுநர் சர்வர்கள் வாங்காமலே திருப்பத் தொடங்கின. மறுப்புச் செய்தி உறை முகவரிக்கே திரும்பும். அது சேவைக்குச் சொந்தமானது என்பதால் நிறுவனத்துக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை. நிலுவைத் தொகை கேட்டுக் கணக்குப் பிரிவினர் வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்தபோதுதான், “பில்லே வரவில்லையே” என்ற பதில் கிடைத்தது. அந்த உதவிக் குறிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

இதைச் சரிசெய்வது பெரிய வேலையன்று. சேவை கொடுக்கும் சி.நேம் பதிவுகளை (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டுபவை) உங்கள் டொமைனின் பொதுப் பதிவேடான டி.என்.எஸ்.-இல் சேர்த்தால், டிகிம் கையொப்பம் உங்கள் டொமைன் பெயரிலேயே இடப்படும். உறை முகவரியையும் உங்கள் துணை டொமைன் ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளப் பல சேவைகள் இடமளிக்கின்றன. நீங்களாகக் கடுமையாக்கினால் அன்றி, துணை டொமைனும் பொருந்தியதாகவே கொள்ளப்படும். கொள்கையை ‘நன்’ நிலையில் வைத்து, டிமார்க் பதிவில் அறிக்கை முகவரி ஒன்றைக் கொடுத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரங்களாவது படித்து, உங்கள் பெயரில் அனுப்பும் இடங்கள் அனைத்தும் பொருந்துகின்றன என்று உறுதியான பின்பே குவாரண்டைனுக்கும் (ஸ்பேமில் போடு) ரிஜெக்ட்டுக்கும் போக வேண்டும்.

இதே தவறு இணையதளங்களின் தொடர்புப் படிவத்திலும் இருக்கிறது. படிவத்தை நிரப்பியவரின் முகவரியை அப்படியே ஃப்ரம் வரியில் போட்டு அனுப்பும் நிரல்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. யாஹூ 2014 ஏப்ரலிலேயே தன் டொமைனுக்கு ரிஜெக்ட் கொள்கையை வைத்துவிட்டது. யாஹூ முகவரியோடு உங்கள் சர்வரிலிருந்து கிளம்பும் அஞ்சல் போலி என்றே கருதப்படும். ஃப்ரம் வரியில் உங்கள் முகவரியும் ரிப்ளை-டூ வரியில் அவருடைய முகவரியும் இருக்கட்டும்.

ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்.பி.எஃப். பதிவுகள்

ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது; முடிவு நிரந்தரப் பிழை. ஒரே பதிவுக்குள்ளும் டி.என்.எஸ். தேடல்கள் 10-ஐத் தாண்டக் கூடாது என்பது ஆர்.எஃப்.சி. 7208-இன் விதி, இன்க்ளூடுக்குள் இருக்கும் இன்க்ளூடுகளும் அந்தக் கணக்கில் சேரும்.

பி.டி.ஆர். பதிவை டொமைன் வாங்கிய இடத்தில் தேடுவது

ஐ.பி. முகவரியிலிருந்து சர்வரின் பெயரைக் காட்டும் பதிவு இது. அங்கே இருக்காது. ஐ.பி. முகவரியை உங்களுக்குக் கொடுத்த நிறுவனத்திடம் கேளுங்கள்.

ஐ.பி.வி.6-ஐ மறந்துவிடுவது

சில அஞ்சல்கள் போகின்றன, சில திரும்புகின்றன, காரணம் விளங்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வாடகைக்கு எடுக்கும் சர்வர்களில் புதிய வகையான ஐ.பி.வி.6 முகவரி கேட்காமலே வந்துவிடுவதுண்டு. பி.டி.ஆர். பதிவையும் எஸ்.பி.எஃப். பதிவையும் பழைய ஐ.பி.வி.4 முகவரிக்கு மட்டும் எழுதியிருப்பார்கள். இரு முகவரிகளும் இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் அஞ்சல் சர்வர் மென்பொருள் ஒருமுறை இதன் வழியாகவும் மறுமுறை அதன் வழியாகவும் அனுப்பும், பி.டி.ஆர். இல்லாத ஐ.பி.வி.6 முகவரியிலிருந்து வருவதை ஜிமெயில் மறுத்துவிடும். புதிய முகவரிக்கும் அந்தப் பதிவுகளை எழுதுங்கள். இயலாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸை ஐ.பி.வி.4-ஓடு நிறுத்துங்கள்.

டிகிம் சாவியை ஒரே சரமாக ஒட்டுவது

கையொப்பத்தைப் பிறர் சரிபார்க்க வெளியிடும் 2048 பிட் சாவி, டி.என்.எஸ். உரைப்பதிவின் ஒரு சரத்துக்குரிய 255 எழுத்து எல்லைக்குள் அடங்காது. மேற்கோள் குறிகளுக்குள் துண்டுகளாகப் பிரித்து எழுத வேண்டும். சில கட்டுப்பாட்டுத் தளங்கள் தாமே பிரித்துக்கொள்ளும். சில சொல்லாமலே நறுக்கிவிடும். பதிவு செய்ததைத் திரும்பக் கேட்டு வாங்கி, மூலச் சாவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வருவதையெல்லாம் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுவது

உங்கள் பெட்டிக்கு வரும் ஸ்பேமும் சேர்ந்தே ஜிமெயிலுக்குப் போகும். ஜிமெயிலின் பார்வையில் அதை அனுப்பியது உங்கள் சர்வர்தான். முதலில் வடிகட்டுங்கள், அல்லது ஐமேப் என்னும் அஞ்சல் படிக்கும் நெறிமுறை வழியாக நேரே உங்கள் சர்வரிலேயே படியுங்கள்.

விலகும் வழியை ஒளித்து வைப்பது

2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5000 அஞ்சல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோரிடம் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றையும் கூகுள் கேட்கிறது. விளம்பர, செய்திமடல் அஞ்சல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். அந்த விகிதம் ஏறுவது அப்படித்தான்.

புதிய ஐ.பி.யிலிருந்து முதல் நாளே ஆயிரக்கணக்கில் அனுப்புவது

வேண்டாம். உங்களுக்குப் பதில் எழுதக்கூடியவர்களிடமிருந்து தொடங்கி, அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.