சூடானால் முனகிய மஸ்டாங்

1993-இல் மிச்சிகனில் வாங்கிய 1966 ஃபோர்டு மஸ்டாங் கார். மகளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்ததும் இதில்தான். போன கோடையில், இன்ஜின் சூடானால் செல்ஃப் எடுக்காமல் முனகியது. ஸ்டார்ட்டரை மாற்றினேன், காசுதான் போனது. “வித்துடுங்கப்பா” என்றாள், அதே மகள்!

அப்புறம்தான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி இக்னிஷன் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி நெகட்டிவில் ஒரு முனை, இன்ஜின் பிளாக்கில் இன்னொன்று. மகளைச் சாவி திருகச் சொன்னேன். இடையில் 1.3 வோல்ட் வீணாகிறது! அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாது. பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் எர்த் கேபிளைக் கழற்றினால், போல்ட்டுக்கு அடியில் பச்சைக் களிம்பு. அதற்கும் கீழே நான் எப்போதோ அடித்த நீலப் பெயின்ட். பளிச்சென்று இரும்பு தெரியும்வரை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, புதுக் கேபிள் போட்டேன். 0.2 வோல்ட். சூட்டிலும் ஒரே திருகில் பிடித்துக்கொண்டது.

மகள் டிரைவர் சீட்டைவிட்டு இறங்கவில்லை.