சென்னையில் நர்ஸ் வேலை: முதல் இரண்டு வருடத்தில் நேரும் தவறுகள்

பி.எஸ்சி. நர்சிங் முடித்தாலும் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்தாலும் சென்னையில் ஒரு வேலை கிடைத்துவிடும். ஆயிரம் விளக்கு முதல் பெரும்பாக்கம் வரை தனியார் மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸ் தேவை ஓய்வதே இல்லை. அந்த முதல் வேலையின் அனுபவம் அடுத்த வேலைக்குச் செல்லுபடியாகாமல் போகும்போதுதான் பிரச்சினை வருகிறது. இரண்டு வருடம் நைட் டியூட்டி பார்த்த பிறகு அது தெரியவருவது பெரிய கொடுமை.

முதலில் பதிவு. ரிசல்ட் வந்ததும் 'டிரெய்னி' என்று சேர்ந்துவிட்டு, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்வதைத் தள்ளிப்போடுகிறார்கள். பதிவு எண் இல்லாத மாதங்களைப் பல இடங்களில் நர்ஸ் அனுபவமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேரளாவிலோ ஆந்திராவிலோ படித்துப் பதிவு செய்தவர்களும் இங்கே வேலை பார்க்க இந்தக் கவுன்சிலில் பதிய வேண்டும். 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

அடுத்து, வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகச் சின்ன நர்சிங் ஹோமில் சேர்வது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வை எழுத, ஜி.என்.எம். படித்தவர்களுக்குக் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் 2 வருட அனுபவம் தேவை. அதுவும் படிப்பை முடித்த பிறகு பெற்றதாக இருக்க வேண்டும். 30 படுக்கை இடத்தில் நான்கு வருடம் உழைத்தாலும் அந்த விண்ணப்பத்துக்கு உதவாது. பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு இந்த அனுபவ நிபந்தனை இல்லை.

சரியான இடத்தில் வேலை பார்த்தும் சான்றிதழில் கோட்டை விடுபவர்கள் நிறைய. 'நன்றாகப் பணியாற்றினார்' என்று மட்டும் எழுதிய தாள் எதற்கும் ஆகாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, முழுநேர வேலை என்ற குறிப்பு, எந்த வார்டு அல்லது ஐசியு, மருத்துவமனையின் மொத்தப் படுக்கை எண்ணிக்கை, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, முத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். வளைகுடா வேலைக்குப் போகும்போது டேட்டாஃப்ளோ போன்ற சரிபார்ப்பு நிறுவனங்கள் மருத்துவமனைக்கே எழுதிக் கேட்கும். ஒரு தேதி முரண்பட்டாலும் கோப்பு நின்றுவிடும். சம்பளம் வங்கிக் கணக்கில் வருவதும் பி.எஃப். கணக்கு இருப்பதும் இதற்காகவே முக்கியம். மருத்துவமனை மூடப்பட்டாலோ பெயர் மாறினாலோ, அங்கே வேலை பார்த்ததைக் காட்ட பி.எஃப். சர்வீஸ் பதிவு கையில் இருக்கும். சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்கியவர்களிடம் காட்ட எதுவும் இருக்காது.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டுப் பாண்டில் (இத்தனை வருடம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தத்தில்) கையெழுத்துப் போடுவதுதான் மிகவும் வலிக்கிற தவறு. சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டலாம், நகலைக் கொடுக்கலாம். பிடித்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை. அரசுப் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்த நாளில் ஒரிஜினல் வேறொருவர் அலமாரியில் இருந்தால் வாய்ப்பு போயே போய்விடும்.

சம்பளத்தில் சி.டி.சி. (உங்களுக்காக நிர்வாகத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) என்ற எண்ணை நம்பக் கூடாது. ஒரு கணக்குப் பாருங்கள். மொத்தச் சம்பளம் 18,000, அதில் அடிப்படை 12,000. நிர்வாகம் கட்டும் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 585 இரண்டையும் சேர்த்து '20,000 சம்பளம்' என்பார்கள். உங்கள் பங்கு பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 135, ஹாஸ்டலுக்கு 3,000 என்று பிடித்தால் கைக்கு வருவது 13,425. அதனால் டேக் ஹோம் எவ்வளவு, ஹாஸ்டல், சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், மாதம் எத்தனை நைட், அதற்கு அலவன்ஸ் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் நர்ஸ் சம்பளம் 20,000-க்குக் கீழே போகக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அது பல இடங்களில் ஏட்டோடு நிற்கிறது. ஆனாலும் பேரம் பேசும்போது அந்த எண் நினைவில் இருக்கட்டும்.

நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் சறுக்குவது கணக்கில்தான். 500 மி.லி. சலைன், 4 மணி நேரம், மி.லி.க்கு 20 சொட்டு விடும் டிரிப் செட் என்றால் 500 × 20 ÷ 240, நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. இதைத் தாளில்லாமல் சொல்லப் பழகுங்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசியையும் சேர்வதற்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. 0, 1, 6 மாதம் என மூன்று டோஸ் முடிய அரை வருடம் ஆகும். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி நம் கையில் குத்திவிடும் ஆபத்து முதல் வார டியூட்டியிலேயே இருக்கிறது.

மாநில அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். அதில் 40% எடுக்காவிட்டால் நர்சிங் தாளில் எடுத்த மதிப்பெண்ணுக்குப் பலன் இல்லை. தேர்வானதும் முதலில் தொகுப்பூதியம்தான் (மாதம் ஒரு நிலையான தொகை) என்பதும் தெரிந்திருக்கட்டும். நிரந்தர அரசு ஊழியருக்கான காலமுறை ஊதியத்துக்கு மாற வருடங்கள் ஆகலாம்.

வெளிநாடு போக நினைப்பவர்கள் ஏஜென்ட் சொல்லும் லட்சங்களை நம்பிக் கடன் வாங்குகிறார்கள். பதிவு பெற்ற ஏஜென்சி வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வரம்பு. ஏஜென்சியின் உரிமம் செல்லுமா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையிலிருந்தே நர்ஸ்களை அனுப்புகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.