பாளையங்கோட்டையில் இருந்தபடியே பெங்களூரில் வாடகை வீடு தேடுவது எப்படி?

என் சித்தி மகனுக்குப் போன வருஷம் பெங்களூரில் வேலை கிடைத்தது. கையில் ஆஃபர் லெட்டர், வேலையில் சேர இன்னும் 40 நாள். அன்று ராத்திரியே போன் வந்தது. "அண்ணே, ஒரு வீடு பாத்தேன். நல்லா இருக்கு. டோக்கன் போட்டுரட்டா?"

அனுப்பியிருந்த படங்களில் வீடு உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீடு இருப்பது யெலஹங்காவில், அவன் ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டியில். ஒன்று நகரத்தின் வடக்குக் கோடி, மற்றது தெற்குக் கோடி. போக வர தினமும் நாலு மணி நேரம் ரோட்டிலேயே கழிந்திருக்கும். ஊரில் இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்குப் போகிற கணக்கில்தான் அவன் பார்த்தான்.

பிறகு இருவரும் சேர்ந்து தேடினோம். நான் பெங்களூருக்கு வந்து எட்டு வருஷமாகிறது, மூன்று வீடு மாறியிருக்கிறேன். முதல் முறையாக வருகிறவர்களுக்காக, நாங்கள் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். ஊரில் இருந்தபடியே ஐம்பது வீட்டை ஐந்தாகக் குறைத்துவிடலாம். அந்த ஐந்தில் எது என்பதை நேரில் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

படி 1: ஆபீஸ் எந்தக் கட்டடம் என்று கேளுங்கள்

"வொயிட்ஃபீல்டு பக்கம்" என்று சொன்னால் போதாது. வொயிட்ஃபீல்டே ஒரு ஊர் அளவுக்குப் பரந்து கிடக்கிறது. கட்டடத்தின் பெயர், வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ், ஷிப்ட் நேரம், கம்பெனி வண்டி உண்டா, இந்த நாலையும் எச்ஆரிடம் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் கூகுள் மேப்ஸில் புறப்படும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தால் 25 நிமிஷம் என்று காட்டும். அதே வழியைச் செவ்வாய்க்கிழமை காலை 8.45 என்று வைத்துப் பாருங்கள், நிலைமை புரியும். சாயங்காலம் 6.30 மணிக்குத் திரும்பி வருவதையும் பாருங்கள். இந்த ஊரில் கிலோமீட்டரை யாரும் கேட்பதில்லை, எத்தனை நிமிஷம் என்றுதான் கேட்பார்கள்.

மெட்ரோ இருந்தால் வாழ்க்கை எளிது. பர்ப்பிள் லைன் 2023 அக்டோபர் முதல் சல்லகட்டாவிலிருந்து வொயிட்ஃபீல்டு வரை முழுதாக ஓடுகிறது. ஆபீஸ் அந்தப் பக்கம் என்றால் ஹூடி, கருடாச்சார்பாளையா, கே.ஆர்.புரம், பையப்பனஹள்ளி எல்லாமே தேடக்கூடிய இடங்கள். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டில் யெல்லோ லைன் வந்துவிட்டது. பொம்மனஹள்ளி, கூட்லு கேட், சிங்கசந்திரா, ஹொச ரோடு ஸ்டேஷன்களிலிருந்து நடந்து போகிற தூரத்துக்குள் பாருங்கள். தம்பிக்கு நாங்கள் தேடியது சிங்கசந்திராவைச் சுற்றித்தான். ஓசூர் ரோடு பக்கத்திலேயே இருப்பதால் ஊருக்குப் பஸ் ஏறவும் வசதி.

படி 2: கையில் எவ்வளவு வேண்டும்?

நம் ஊரில் அட்வான்ஸ் என்பதை இங்கே டெபாசிட் என்பார்கள். தொகைதான் மலைக்க வைக்கும். ஐந்து, ஆறு மாத வாடகை சாதாரணம். பத்து மாதம் கேட்கிறவர்களும் உண்டு. பேசிக் குறைக்கலாம்.

வாடகை 25,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாத டெபாசிட் 1,50,000. முதல் மாத வாடகை 25,000. புரோக்கர் வழியாகப் போனால் அவருக்கு ஒரு மாத வாடகை, இன்னொரு 25,000. ஆக, லாரி வாடகைக்கு முன்பே இரண்டு லட்சம் போய்விடும். முதல் சம்பளம் வருவதற்கு முன் இதை எடுத்து வைக்க வேண்டும். மெயின்டெனன்ஸ் வாடகையில் சேர்ந்ததா, தனியா என்றும் கேளுங்கள். அடுக்குமாடிகளில் பெரும்பாலும் தனி.

'லீஸ்' என்று ஒரு வகையும் வரும். நம் ஊர் ஒத்திதான் அது. மொத்தமாகப் பல லட்சம் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த வீட்டின் பேரில் வங்கிக் கடன் இருந்து, ஓனர் கட்டாமல் விட்டுவிட்டால், வங்கி வந்து நிற்கும்போது உங்கள் பணம் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் லீஸ் பக்கமே போகாதீர்கள்.

படி 3: எப்போது, எங்கே தேடுவது?

மூன்று மாதம் முன்பே தேடுவது வீண் வேலை. குடியிருப்பவர் நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் வீடு விளம்பரத்துக்கு வரும், நல்ல வீடு சில நாளிலேயே போய்விடும். போகிற தேதிக்கு 30 நாள் முன்பு தொடங்கினால் சரியாக இருக்கும்.

நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், ஹவுசிங் தளங்களில் பாருங்கள். கம்பெனிக்குள் ஊழியர்களுக்கான குழு இருந்தால் அதில் ஒரு வரி போட்டு வையுங்கள். காலி செய்கிற சக ஊழியரின் வீடு கிடைத்தால் அதைவிட நல்ல வழி இல்லை, அங்கே இருந்து பார்த்தவர் வாயாலேயே நிறைகுறை தெரிந்துவிடும்.

'செமி பர்னிஷ்ட்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அலமாரி, கிச்சன் கப்போர்டு, ஃபேன், லைட், கீசர் இருக்கும். கட்டில், பிரிட்ஜ் எதிர்பார்க்காதீர்கள். பேமிலிக்கு மட்டும், சைவம் மட்டும் என்று சில ஓனர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். முதல் போனிலேயே கேட்டுவிட்டால் மனக்கஷ்டம் மிச்சம்.

படி 4: தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. அதனால்தான் தனிப் படியாக வைக்கிறேன்.

பெங்களூர் வீட்டுக்குத் தண்ணீர் மூன்று வழியில் வரும்: காவிரிக் குழாய், போர்வெல், டேங்கர் லாரி. நகரின் பழைய பகுதிகளில் காவிரி உண்டு. 2007இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களில், அதாவது இன்று ஐடி கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் நிறைந்திருக்கும் வெளிப் பகுதிகளில், பல வருஷம் போர்வெல்லும் டேங்கரும்தான். அந்தப் பகுதிகளுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. ஆனாலும் தெருவில் குழாய் இருப்பதும் அந்தக் கட்டடம் இணைப்பு வாங்கியிருப்பதும் வேறு வேறு விஷயம்.

2024 கோடையில் போர்வெல்கள் வற்றியபோது நான் இங்கேதான் இருந்தேன். டேங்கர் விலை கைமீறிப் போய், 12,000 லிட்டர் லாரிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயிக்க வேண்டிவந்தது. எங்கள் கட்டடத்தில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர். பக்கெட்டுகளை வரிசையாக வைத்துக் காத்திருப்போம்.

ஆகவே போனில் இப்படிக் கேளுங்கள். காவிரி இணைப்பு உண்டா, வாரத்தில் எத்தனை நாள்? 2024 மார்ச், ஏப்ரலில் எப்படிச் சமாளித்தீர்கள்? டேங்கர் செலவு மெயின்டெனன்ஸில் அடக்கமா, தனியாகப் பிரிப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு இழுத்து இழுத்துப் பதில் வந்தால், அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கன்னடம் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். ஓனர்களில் பலருக்குத் தமிழ் புரியும். ஆனாலும் "காவேரி நீரு பருத்தா?" (காவிரித் தண்ணீர் வருமா?) என்று அவர்கள் மொழியில் ஒரு வரி கேட்டால் குரலே மாறும். நம் வாடகைதான் அங்கே 'பாடிகெ'. கேட்டில் அந்த வார்த்தையோடு போர்டு தொங்கினால் வீடு காலி என்று அர்த்தம்.

படி 5: வீடியோ காலில் வீட்டைப் பார்ப்பது

படங்களை நம்பாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். படம் எடுப்பவர் நல்லதைத்தான் எடுப்பார், அது இயல்பு. அதனால் எதைக் காட்ட வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

சிங்கசந்திராவில் ஒரு வீடு. ஓனர் வயதான அம்மா, நன்றாகத் தமிழ் பேசினார், பொறுமையாகச் சுற்றிக் காட்டினார். "அம்மா, அந்தப் படுக்கையறை ஜன்னலைக் கொஞ்சம் திறக்கிறீங்களா?" என்று தம்பி கேட்டான். திரையை விலக்கித் திறந்தார். ஒரு முழத் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பூசாத சிமெண்ட் பிளாக். அந்த அறையில் பகலிலும் லைட் போட்டுத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் குளியலறைக் குழாயைக் கிட்டத்தில் காட்டச் சொன்னோம். குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்து, சொரசொரப்பாக, பாதித் துளைகள் அடைத்திருந்தன. திறந்தபோது தண்ணீர் இரண்டு பக்கம் சிதறியது. காவிரித் தண்ணீர் வரும் குழாயில் அப்படிப் படியாது. அவரும் மறைக்கவில்லை. "போர் தண்ணிதான் தம்பி, குடிக்கக் கேன் வாங்கிக்கணும்" என்றார். நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்த்தோம்.

எல்லா ஜன்னலையும் திறக்கச் சொல்லுங்கள். எல்லாக் குழாயையும் திறக்கச் சொல்லுங்கள். அலமாரிக்குள்ளும் கூரை மூலையிலும் ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை போனைப் பிடித்தபடி நடந்து காட்டச் சொல்லுங்கள், கடைசி அரைக் கிலோமீட்டர் ரோடு எப்படி என்று விளம்பரத்தில் இருக்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே போன் சிக்னல் அறைக்குள் விட்டுவிட்டு வருகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

படி 6: மோசடியை அடையாளம் காண்பது

வாடகை மட்டும் அந்தப் பகுதியின் நடப்பைவிடப் பாதியாக இருந்தால் உஷார். எங்களுக்கும் ஒரு அழைப்பு வந்தது. ராணுவத்தில் இருக்கிறேன், ஜம்முவுக்கு மாற்றல், சாவி செக்யூரிட்டியிடம் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்க கேட் பாஸுக்கு 3,000 ரூபாய் போடுங்கள், பார்த்த பிறகு திரும்ப வந்துவிடும் என்றார். அடையாள அட்டைப் படமும் அனுப்பினார். வீட்டை வீடியோவில் காட்டச் சொன்னதும் அழைப்பைத் துண்டித்துவிட்டார். இது ஊரெல்லாம் நடக்கிற பழைய ஏமாற்று வேலை.

யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பரும் தேவையில்லை, க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. ஸ்கேன் செய்து பின் போடச் சொன்னாலே பணம் உங்களிடமிருந்துதான் போகிறது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு.

படி 7: ஒரு சனிக்கிழமை நேரில்

வெள்ளி ராத்திரி நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறினால் சனி காலை பெங்களூர். திருநெல்வேலி, மதுரை வழியாக தினமும் ஓடுகிறது. பட்டியலில் இருக்கும் நாலைந்து வீட்டையும் அன்று பகலில் பார்த்துவிடுங்கள். மனசுக்குப் பிடித்த இரண்டை மட்டும் ராத்திரி ஏழரைக்கு மேல் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். தெருவிளக்கு, சத்தம், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் அப்போதுதான் தெரியும்.

மேல்வீட்டில் குடியிருப்பவரிடம் இரண்டு நிமிஷம் பேசுங்கள். தண்ணீர் எப்படி, டெபாசிட்டை ஓனர் ஒழுங்காகத் திருப்பித் தருவாரா என்று கேளுங்கள். பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு, வெளிவட்டச் சாலைப் பக்கம் என்றால் பெட்டிக்கடையில் இன்னொன்றும் கேளுங்கள்: 2022 செப்டம்பர் மழையில் இந்தத் தெருவில் தண்ணீர் நின்றதா? அந்த மழையில் அங்கே பலர் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள்.

போகவே முடியாது என்றால் வீட்டை விட்டுவிடுங்கள். ஆபீஸ் பக்கத்தில் ஒரு பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதி) 15 நாள் தங்குகிற மாதிரி ஒரே ஒரு பெட்டியோடு வாருங்கள். சாப்பாட்டோடு கிடைக்கும். வந்து தேடினால் இரண்டு சனி, ஞாயிறில் வீடு அமைந்துவிடும்.

படி 8: பணமும் ஒப்பந்தமும்

டோக்கன் கொடுப்பதற்கு முன் சமீபத்திய மின் பில்லையும் சொத்து வரி ரசீதையும் கேளுங்கள். அதில் இருக்கும் பெயரும், நீங்கள் பணம் போடும் வங்கிக் கணக்கின் பெயரும், ஓனரின் ஆதாரும் ஒன்றாக இருக்க வேண்டும். டெபாசிட்டை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தம் 11 மாதத்துக்கு இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த வழக்கம் இது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே சகஜம். இரண்டு வருஷத்துக்குள் போனால்தான் பிடிப்பேன் என்று பேசி எழுதி வாங்கிக்கொள்ளலாம், பலர் ஒத்துக்கொள்வார்கள். நோட்டீஸ் காலம், வருடாந்திர வாடகை உயர்வு, சாவி கொடுத்த எத்தனை நாளில் டெபாசிட் திரும்பும், இந்த மூன்றும் எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். "பாத்துக்கலாம் சார்" என்பது ஒப்பந்தத்தில் வராது. வருமான வரியில் எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) கழிவு வேண்டும், வருஷ வாடகை ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் ஓனரின் பான் நம்பரும் தேவை, அதையும் இப்போதே வாங்கிவிடுங்கள்.

படி 9: குடியேறும் நாள்

லாரி கிளம்பும் முன் அடுக்குமாடி சங்கத்திடம் நேரத்தைக் கேளுங்கள். சில இடங்களில் மாலைக்கு மேல் சாமான் ஏற்ற விடமாட்டார்கள், தனிக் கட்டணமும் இருக்கும்.

சாமான் இறங்குவதற்கு முன், காலி வீட்டில் ஒவ்வொரு சுவர், குழாய், ஸ்விட்ச், கதவையும் படம் எடுங்கள். மின் மீட்டர் அளவையும் எடுங்கள். மின் பில்லில் இருக்கும் ஆர்ஆர் நம்பரை, அதாவது மின் இணைப்பு எண்ணை, குறித்து வைத்தால், மாதம் 200 யூனிட் வரை இலவசம் தரும் க்ருஹ ஜோதி திட்டத்தில் வாடகைக்காரர்களும் பதிந்துகொள்ளலாம். படங்களை அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தம்பி 43 படம் அனுப்பினான். ஹாலில் ஒரு டைல்ஸ் விரிசல் விட்டிருந்தது, ஓனர் அதைப் பார்த்துவிட்டு "அது முன்னாடியே இருந்ததுதான்" என்று பதில் போட்டார். அந்தப் பதிலை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறான்.