சாப்பிட்டீர்களா? கொரிய மொழியில் இறந்தகாலம் பேசிப் பழகலாம்

கொரிய நாடகங்கள் பார்ப்பவர்களின் காதில் '-ஸ்ஸொயோ' என்று முடியும் சொற்கள் விழுந்துகொண்டே இருக்கும். போனேன், வந்தாள், சாப்பிட்டோம் என்று நடந்து முடிந்ததைச் சொல்லும்போது பெரும்பாலும் வாக்கியம் அப்படித்தான் முடியும். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்த தமிழருக்கு இந்தப் பாடத்தின் பாதி ஏற்கெனவே தெரியும். அதை வைத்தே தொடங்கலாம்.

முதலில் ஒலி பற்றி ஒரு வார்த்தை. கொரியச் சொற்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். 'ஆ', 'ஓ' என்று எழுதினாலும் அதிகம் நீட்ட வேண்டாம். 'ஒ' என்று வரும் இடத்தில் உதட்டைக் குவிக்காமல் சொல்லுங்கள். கொரிய எழுத்தான ஹங்குல் தெரிந்தவர்கள் ஒவ்வொரு சொல்லையும் பக்கத்திலேயே ஹங்குலில் எழுதிக்கொள்வது நல்லது.

படி 1: சொல்லைப் பிரியுங்கள்

'செய்தாள்' என்பதை எப்படிப் பிரிப்போம்? செய் + த் + ஆள். பகுதி, இடைநிலை, விகுதி. நடுவில் உள்ள 'த்' காலம் காட்டுகிறது.

கொரிய மொழியிலும் அதே வரிசைதான். 'சாப்பிடு' என்பதற்கான அகராதிச் சொல் 'மொக்தா'. அகராதியில் எல்லா வினைச்சொல்லும் 'தா' என்று முடியும். அதை நீக்கினால் 'மொக்' என்ற பகுதி கிடைக்கும். அதோடு 'ஒஸ்ஸ்' என்ற இடைநிலை, 'ஒயோ' என்ற விகுதி. சேர்த்தால் மொகொஸ்ஸொயோ. நடுவில் க் மென்மையாக ஒலிப்பதைக் கவனியுங்கள். 'பகல்' என்பதில் நாம் க-வை மென்மையாக்குவதுபோல்தான்.

வித்தியாசம் விகுதியில் இருக்கிறது. நம் 'ஆள்' யார் செய்தார் என்று சொல்லும். கொரிய 'ஒயோ' அதைச் சொல்லாது. எதிரே கேட்பவரிடம் மரியாதையாகப் பேசுகிறோம் என்பதை மட்டும் காட்டும். அதனால் சாப்பிட்டேன், சாப்பிட்டாள், சாப்பிட்டோம், சாப்பிட்டார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மொகொஸ்ஸொயோதான். தமிழில் பத்து வடிவங்களை மனப்பாடம் செய்யும் வெளிநாட்டவரை நினைத்துப் பார்த்தால், நமக்கு இது எவ்வளவு லேசான வேலை என்று புரியும்.

படி 2: ஆஸ்ஸ் வருமா, ஒஸ்ஸ் வருமா?

பகுதியின் கடைசி உயிரைப் பாருங்கள். அது ஆ அல்லது ஓ என்றால் 'ஆஸ்ஸொயோ'. வேறு எந்த உயிராக இருந்தாலும் 'ஒஸ்ஸொயோ'. 'ஹாதா' (செய்) மட்டும் தனி ரகம், அது 'ஹேஸ்ஸொயோ' ஆகிவிடும்.

ஆ, ஓ இரண்டுக்கும் மட்டும் ஏன் தனி இடம்? இதற்கான விடை எழுத்திலேயே இருக்கிறது. மன்னர் சேஜோங் 1446-இல் வெளியிட்ட ஹங்குலில் உயிரெழுத்துகள் மூன்று உருவங்களால் ஆனவை: வானத்துக்குப் புள்ளி, நிலத்துக்குப் படுக்கைக் கோடு, மனிதனுக்கு நிற்கும் கோடு. ஓ எழுத்தில் புள்ளி நிலத்துக்கு மேலே இருக்கும். ஆ எழுத்தில் மனிதனுக்கு வெளிப்பக்கம் இருக்கும். இவை ஒளி உயிர்கள். புள்ளி கீழே போனால் உ, உள்பக்கம் போனால் ஒ. இவை நிழல் உயிர்கள். ஒளியோடு ஒளி, நிழலோடு நிழல் சேர வேண்டும் என்ற பழைய ஒலி ஒழுங்கின் மிச்சம்தான் இந்த விதி. இன்று அந்தப் புள்ளி சிறு கோடாக மாறிவிட்டது, ஆனாலும் பார்த்தவுடன் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. ஆஸ்ஸ் வந்தாலும் ஒஸ்ஸ் வந்தாலும் கடைசி விகுதி 'ஒயோ'தான். 'காஸ்ஸாயோ' என்று சொல்லிவிடாதீர்கள். புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது.

படி 3: உயிரும் உயிரும் சந்தித்தால்

பகுதி உயிரில் முடிந்தால் ஒலிகள் ஒன்றாகிவிடும்.

காதா (போ): கா + ஆஸ்ஸொயோ = காஸ்ஸொயோ
ஓதா (வா): ஓ + ஆஸ்ஸொயோ = வாஸ்ஸொயோ
போதா (பார்): போ + ஆஸ்ஸொயோ = ப்வாஸ்ஸொயோ
மாஷிதா (குடி): மாஷி + ஒஸ்ஸொயோ = மாஷொஸ்ஸொயோ

ஓ வந்த இடத்தில் வகர ஒலி, இ வந்த இடத்தில் யகர ஒலி. நம் உடம்படுமெய் ஞாபகம் வருகிறதா? கொரிய மொழியில் இடையில் புதிய எழுத்து நுழையவில்லை, அந்த உயிரே உருமாறுகிறது. ஆனாலும் நினைவில் வைக்க இந்த ஒப்பீடு நன்றாக உதவும்.

படி 4: பேசிப் பாருங்கள்

கொரியப் பாடநூல்களில் பேசும் இருவரைக் கா, நா என்று குறிப்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

கா: பாப் மொகொஸ்ஸொயோ? (சாப்பிட்டீங்களா?)
நா: நே, மொகொஸ்ஸொயோ. (ம், சாப்பிட்டேன்.)
கா: ம்வொ மொகொஸ்ஸொயோ? (என்ன சாப்பிட்டீங்க?)
நா: பிபிம்பாப் மொகொஸ்ஸொயோ. (காய்கறி கலந்த சோறான பிபிம்பாப் சாப்பிட்டேன்.)

'பாப்' என்றால் சோறு. நம் ஊரைப் போலவே அங்கேயும் இந்தக் கேள்வி பாதி நலம் விசாரிப்பு. கேள்விக்கும் பதிலுக்கும் வினைச்சொல் ஒன்றுதான், குரலை மட்டும் உயர்த்தினால் கேள்வி. இன்னும் சாப்பிடவில்லை என்றால், 'ஆஜிக் ஆன் மொகொஸ்ஸொயோ'. 'இல்லை' என்பதை நாம் வினைக்குப் பின்னால் வைப்போம், அவர்கள் 'ஆன்' என்று முன்னால் வைக்கிறார்கள்.

வயதில் பெரியவரிடம் 'மொகொஸ்ஸொயோ?' என்று கேட்கக் கூடாது. 'ஷிக்ஸா ஹாஷொஸ்ஸொயோ?' என்று கேளுங்கள். அதே கேள்வியை உங்களிடம் கேட்டால், பதிலில் அந்த மரியாதைச் சொல் வராது, 'மொகொஸ்ஸொயோ' போதும். 'சாப்பிட்டீர்களா?' என்றால் 'சாப்பிட்டேன்' என்கிறோமே, அதே பண்பு.

அடுத்து, திங்கட்கிழமை காலைப் பேச்சு.

கா: ஜுமாரே ம்வொ ஹேஸ்ஸொயோ? (வார இறுதியில் என்ன செஞ்சீங்க?)
நா: சின்குருல் மான்னாஸ்ஸொயோ. காச்சி யொங்ஹ்வா ப்வாஸ்ஸொயோ. (நண்பரைச் சந்திச்சேன். சேர்ந்து படம் பார்த்தோம்.)
கா: ஜேமி இஸ்ஸொஸ்ஸொயோ? (நல்லா இருந்துச்சா?)

சின்கு நண்பர், 'ருல்' நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ'. 'ஜுமால்' வார இறுதி, அதோடு 'ஏ' சேர்ந்து 'ஜுமாரே' ஆகிறது. ஆனால் 'ஒஜே' (நேற்று) அப்படியே நிற்கும், எந்த உருபும் சேராது. தமிழிலும் 'நேற்றில் போனேன்' என்று சொல்வதில்லை. இன்னொன்று, 'இஸ்ஸொயோ' என்பதில் 'ஸ்ஸ்' இருந்தாலும் அது 'இருக்கிறது'. 'இருந்தது' என்றால் இஸ்ஸொஸ்ஸொயோ.

இனி தொலைபேசியில். கா-வின் வீட்டு விருந்துக்கு நா வரவில்லை.

கா: ஒஜே வே ஆன் வாஸ்ஸொயோ? (நேத்து ஏன் வரலை?)
நா: ஆப்பாஸொ மோத் காஸ்ஸொயோ. (உடம்பு முடியாததால வர முடியலை.)

இந்த இரண்டு வரியில் தமிழர் தடுமாறும் இடங்கள் மூன்று இருக்கின்றன. 'ஆன்' என்றால் செய்யவில்லை, 'மோத்' என்றால் செய்ய முடியவில்லை. அடுத்தது, நாம் 'வர முடியலை' என்போம். கேட்பவரின் இடத்துக்குப் போவதையும் தமிழில் 'வருவது' என்றே சொல்வோம். கொரிய மொழியில் அது 'போவது', அதனால் காஸ்ஸொயோ. 'இதோ வர்றேன்' என்பதற்கும் 'காயோ' என்றுதான் சொல்ல வேண்டும். இது வாயில் பழக நாளாகும், விடாமல் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது, காரணம் சொல்லும் 'ஆப்பாஸொ'வில் இறந்தகால இடைநிலை வராது. காலம் கடைசி வினையில் மட்டும்.

படி 5: தமிழ்க் காது கேட்க வேண்டிய சில சொற்கள்

டாக்சி ஓட்டுநர் இறங்கும் இடம் நெருங்கும்போதே 'தா வாஸ்ஸொயோ' என்பார். நேர்ப்பொருள் 'முழுக்க வந்தோம்'. நாம் இரண்டு தெரு பாக்கி இருக்கும்போதே 'வந்தாச்சு' என்போமே, அதுதான். 'கியொல்ஹோன்ஹேஸ்ஸொயோ?' என்றால் 'கல்யாணம் ஆயிடுச்சா?'. அங்கேயும் இறந்தகாலத்தில்தான் கேட்பார்கள். 'ஆராஸ்ஸொயோ' என்றால் 'சரி, புரிஞ்சுது'. இவற்றைத் தமிழ் வழியாகப் பிடித்தால் விளக்கமே தேவைப்படாது.

விதிக்கு அடங்காத வினைகளும் உண்டு. துத்தா (காதால் கேள்) துரொஸ்ஸொயோ ஆகும், சுப்தா (குளிராக இரு) சுவொஸ்ஸொயோ ஆகும். துத்தாவின் உகரத்தை 'அது' என்பதன் கடைசி உகரம்போல் உதடு குவியாமல் சொல்லுங்கள். இப்போதைக்கு இந்த இரண்டு போதும்.

படி 6: இன்றிரவு எழுதுங்கள்

'ஓனுல்' (இன்று) என்று தொடங்கி, செய்ததை மூன்றே வரியில் எழுதுங்கள். மாதிரிக்கு: ஓனுல் கொப்பி மாஷொஸ்ஸொயோ. பொஸுருல் தாஸ்ஸொயோ. கோங்பு ஆன் ஹேஸ்ஸொயோ. காபி குடித்தேன், பஸ்ஸில் ஏறினேன், படிக்கவில்லை. 'கோங்புஹாதா' போன்ற ஹாதா வினைகளில் 'ஆன்' நடுவில், ஹேஸ்ஸொயோவுக்கு முன் வருவதைக் கவனியுங்கள்.

அப்புறம் இந்த மூன்றையும் நீங்களே மாற்றிப் பாருங்கள்: ஸால்தா (வாழ்), பேஉதா (கற்றுக்கொள்), உன்தோங்ஹாதா (உடற்பயிற்சி செய்).

விடை: ஸாராஸ்ஸொயோ, பேவொஸ்ஸொயோ, உன்தோங்ஹேஸ்ஸொயோ.