பக்கத்து மேசை வேலையைக் கற்றுக்கொள்வது எப்படி? ரங்கூன் பயறு வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு

ரங்கூனின் மொத்தச் சந்தையான பயிந்நவுங் மார்க்கெட் பக்கம் சாம்பிள் பார்க்கிற, கணக்கு எழுதுகிற, தரகு பேசுகிற நம்ம ஆட்கள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: இந்தத் தொழில் இனி ஓடுமா, பேசாமல் ஏதாவது கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்துவிடட்டுமா? கோர்ஸ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் சரக்கு உங்கள் கையை விட்டதும் எந்த மேசைக்குப் போகிறது என்று பாருங்கள். அந்த மேசை வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். கையில் இருக்கிற தொழிலோடு ஒட்டிக்கொண்டிருக்கிற வேலை என்பதால் சீக்கிரம் பிடிபடும், காசும் சீக்கிரம் வரும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்ம வியாபாரத்தின் குடுமி டெல்லியில் இருக்கிறது. உளுந்து இங்கே விளைகிறது, ஆனால் இட்லிக்கு அரைக்கிற நம்மைப் போன்றவர்களை விட்டால் இந்த நாட்டில் அதைப் பெரிதாகச் சாப்பிட ஆளில்லை, வாங்குவது இந்தியாதான். 2017 ஆகஸ்டில் துவரைக்கு வருஷத்துக்கு 2 லட்சம் டன், உளுந்தும் பச்சைப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன் என்று அங்கே இறக்குமதிக்கு வரம்பு போட்டார்கள், இங்கே விலை சரிந்தது. 2021-ல் கதவு திறந்து, வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை என்று ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தமும் வந்தது. நாளைக்கு எப்படியோ! உளுந்தை மட்டுமே தெரிந்தவர் இதில் ஒவ்வொரு தடவையும் மாட்டுவார். பச்சைப்பயறும் தெரிந்தவருக்கு சீனா, வியட்நாம் என்று வேறு வாசல்கள் உண்டு. அதிலும் 2023 அக்டோபரில் வடக்கு ஷானில் சண்டை மூண்டதும் சீன எல்லையிலுள்ள மூசே வழி தடைபட்டது, அதனால் கப்பல் வழிக் காகிதங்களும் தெரிந்திருந்தால்தான் நல்லது.

சாம்பிள் பார்ப்பவர்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் தங்கள் கண்ணின் மதிப்பு தெரியாமல் இருப்பவர்கள் அவர்கள்தான். எஃப்.ஏ.க்யூ (சராசரித் தரம்) எது, எஸ்.க்யூ (உயர்தரம்) எது என்று கையில் அள்ளியதுமே சொல்லிவிடுவீர்கள், சரி. ஆனால் பச்சைப்பயறை முளைகட்டி விற்கிற வாடிக்கையாளருக்கு உங்கள் கண் போதாது, எத்தனை முளைக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இதற்கு லேப் எல்லாம் முதலில் வேண்டாம். மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்து, நல்லது கெட்டது என்று பொறுக்காமல் (இங்கேதான் பழக்கதோஷத்தில் கை நல்ல பயறைத் தேடிப் போகும், விடாதீர்கள்) நூறு எண்ணி எடுங்கள். இரவு ஊறவைத்து, காலையில் ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று நாளில் பிரித்து முளைத்தது எத்தனை, ஊறாமல் கல்லாகவே கிடப்பது எத்தனை, அழுகியது எத்தனை என்று தனித்தனியாக எழுதி, துணியோடு போட்டோ எடுத்து, லாட் நம்பரும் தேதியும் போட்டு போனில் வைபர் செயலி வழியாக அனுப்புங்கள். ஈரப்பத மீட்டரின் எண்ணையும் அதே போட்டோவில் காட்டிவிட்டால் தூரத்தில் இருக்கிறவர் உங்கள் பேச்சை நம்பவேண்டிய அவசியமே இல்லை, நேராகப் பார்த்துக்கொள்வார். வாயால் சொன்ன தரத்தை எழுத்தில் சொல்லப் பழகியவரைத்தான் சரக்கைச் சோதித்துச் சான்று தருகிற சர்வேயர் வேலைக்கும் கூப்பிடுகிறார்கள்.

கணக்கு எழுதுபவர்களுக்குத் தலைவலி வேறு மாதிரி. 2022 ஆகஸ்டில் டாலருக்கு 2,100 கியாட் (பர்மியப் பணம்) என்று அரசு விகிதம் வைத்த பிறகு, வெளியே ஒரு விகிதம், ஏற்றுமதிப் பணத்தில் கட்டாயமாகக் கியாட்டாக மாற்றவேண்டிய பங்குக்கு ஒரு விகிதம், அந்தப் பங்கும் அவ்வப்போது மாறும். 2024 ஆரம்பத்திலிருந்து டாலர் இல்லாமல் ரூபாய்-கியாட் நேரடிக் கணக்கு வழியும் சேர்ந்துகொண்டது. பழைய பேரேட்டில் ஒரே ஒரு விகிதக் கட்டம்தான் இருக்கும். அதை உடைத்து, எந்த விகிதம், எந்தத் தேதி, எந்த வழி என்று மூன்று கட்டம் போடுங்கள், எக்ஸெல் தெரியாவிட்டால் கோடு போட்ட நோட்டிலேயே போடுங்கள், தவறில்லை. முதலாளி கேட்பது "லாபமா நஷ்டமா" என்பதைத்தான், தேதியில்லாத விகிதத்தை வைத்து அதற்குப் பதில் சொல்லவே முடியாது.

வீசை விலையை (பர்மிய வீசை, சுமார் 1.63 கிலோ) டன் விலையாக்க 612-ஆல் பெருக்கினால் போதும், கிட்டத்தட்ட வந்துவிடும். வீசை 5,000 கியாட் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் டன் 30,60,000. இதை மனக்கணக்காகப் போட்டு, சென்னை டாலர் விலையோடு அந்த நிமிஷமே ஒப்பிட்டுச் சொல்கிற கணக்கப்பிள்ளையை எந்த முதலாளியும் விடமாட்டார். இன்னொன்று, 2019 அக்டோபர் 1-ல் நாடே யூனிகோடுக்கு மாறியபோது பழைய கோப்புகள் பல ஸௌஜி என்கிற பழைய பர்மிய எழுத்துருவிலேயே தங்கிவிட்டன. வாடிக்கையாளர் பெயரைத் தேடினால் வராது, ஆள் இல்லை என்று நினைத்துவிடுவோம். மாற்றித் தருகிற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஓய்வான ஒரு வாரத்தில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து.

காகித மேசைக்கு வருவோம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் என்கிற கப்பல் சரக்கு ரசீது, இந்தியாவுக்கான ஃபார்ம் ஏ.ஐ என்கிற, சரக்கு எந்த நாட்டுடையது என்று காட்டும் உற்பத்திச் சான்று, பூச்சி நோய் இல்லை என்கிற பைட்டோ சான்று: இவை எல்லாம் ஒன்றுக்கொன்று எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சுங்கத்தில் பொருளை வகைப்படுத்துகிற எச்.எஸ் எண் துவரைக்கு 0713.60. உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் முதல் ஆறு இலக்கம் ஒன்றேதான், 0713.31, அதனால் பொருளின் பெயரையும் தாவரப் பெயரையும் சரியாக எழுதாவிட்டால் அந்தப் பக்கம் சுங்கத்தில் கேள்வி வரும். நம்ம ஆட்களுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு: வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர். காகிதத்தில் அட்டையில் உள்ள பெயர்தான், கடைப்பலகையில் உள்ளதல்ல.

தரகு பார்க்கிற அண்ணன்மாருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, சென்னை வியாபாரியோடு தமிழிலேயே பேசிவிடுகிறீர்கள். ஆனால் போனில் பேசியது போனோடு போய்விடுகிறது. பேசி முடித்த அஞ்சு நிமிஷத்தில் இப்படி ஒரு செய்தி போடுங்கள்: "அண்ணாச்சி, இப்போது பேசியபடி உளுந்து எஃப்.ஏ.க்யூ 48 டன், சென்னை டெலிவரி, விலை இவ்வளவு, மார்ச் கடைசிக்குள் கப்பல், பணம் இந்த வழியில். சரி என்று ஒரு வார்த்தை போடுங்கள்." விலை சரியும்போது இந்த ஒரு வார்த்தைதான் உங்களுக்குத் துணை.

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொள்வது? வரத்து குவிகிற மாசி, பங்குனியில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள். மழைக்காலத்தில் கை ஓயும். அப்போது காகித மேசையில் இருப்பவரிடம் முடிந்துபோன ஒரு ஷிப்மெண்ட்டின் கோப்பைக் கேட்டு வாங்கி, முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை எது எதற்குப் பிறகு வந்தது, யார் கையெழுத்து, எத்தனை நாள் ஆனது என்று வரிசையாக எழுதுங்கள். புரியாத இடத்தில் மட்டும் கேளுங்கள், ஒரு தேநீர் வாங்கிக்கொடுத்தால் மனுஷன் மகிழ்ந்து சொல்வார். அடுத்த சீசனில் ஒரு சின்ன லாட்டுக்கு அவர் மேற்பார்வையில் நீங்களே காகிதம் போடுங்கள். அது திரும்பி வராமல் போய்ச் சேர்ந்த பிறகு சம்பளப் பேச்சை எடுங்கள், அதற்கு முன் வேண்டாம். பேசும்போது "நானும் கற்றுக்கொண்டேன்" என்று சொல்லாமல், அந்த லாட்டின் கோப்பை மேசை மேல் வையுங்கள்.