உயரமான ரோலர் கோஸ்டரில் முதல்முறை ஏறுபவர்களுக்கு: கீழே நிற்பதிலிருந்து இறங்கும்வரை

கடற்கரையோரப் பூங்காக்களில் ரோலர் கோஸ்டர் ரொம்ப தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். இங்கிலாந்தின் பிளாக்பூலில் இருக்கும் 'பிக் ஒன்' 65 மீட்டர் உயரம். 1994-இல் திறந்தபோது உலகிலேயே உயரமான கோஸ்டர் அதுதான். ஏறக்குறைய இருபது மாடி. அண்ணாந்து பார்த்தாலே முழங்கால் தளரும். அப்படித் தளர்ந்து நின்ற பலரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப்போயிருக்கிறேன். என் அனுபவத்தில், எந்த இடத்தில் என்ன நடக்கும் என்று உடம்புக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் பாதிப் பயம் வரிசையிலேயே இறங்கிவிடும். அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஏறலாமா?

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகுப் பிரச்சினை, அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் வேண்டாம். நுழைவாயிலில் இருக்கும் உயர அளவுகோலில் குழந்தை ஒரு விரல் குறைந்தாலும் கெஞ்ச வேண்டாம். இருக்கையின் பிடிமானம் அந்த அளவுக்கு மேற்பட்ட உடம்பை நினைத்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது.

காற்றையும் நேரத்தையும் பாருங்கள்

கடலோரத்தில் காற்றுதான் எஜமான். பலமாக வீசினால் ரைடை நிறுத்திவிடுவார்கள். அதைக் கோளாறு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், அது பாதுகாப்பு ஏற்பாடு. முடிந்தால் காலையிலேயே போய்விடுங்கள். வரிசை சின்னதாக இருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, சக்கரமும் கிரீஸும் சூடேறாத காலை நேரத்தில் கோஸ்டர் சற்று நிதானமாக ஓடும். மதியத்துக்கு மேல் அதே தண்டவாளத்தில் அதே ரயில் வேகமாகப் போவதை உடம்பிலேயே உணரலாம்.

ஒருமுறை கீழே நின்று பாருங்கள்

இதைத் தவறவிடவே கூடாது. ஒரு ரயில் கிளம்புவதிலிருந்து திரும்பி வரும்வரை கைக்கடிகாரத்தில் நேரம் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான், அதிலும் கணிசமான பகுதி மெதுவாக மேலே ஏறுவதிலேயே போய்விடும். இறங்கி வருபவர்களின் முகத்தையும் பாருங்கள்.

அப்புறம் பையைக் காலி செய்யுங்கள். போன், சாவி, தொப்பி எல்லாம் லாக்கரில். மூக்குக் கண்ணாடிக்கு என்ன செய்வது என்று ஊழியரிடம் கேளுங்கள்.

எந்த இருக்கை?

முதல்முறை என்றால் நடுப்பெட்டி. முன்வரிசை உச்சியைத் தாண்டியதும், பின்னால் உள்ள பெட்டிகள் இன்னும் ஏறிக்கொண்டிருப்பதால், ஒரு கணம் அப்படியே தொங்கும். எதிரே வெறும் கடலும் வானமும். கடைசி வரிசைக்கு நேர்மாறு. முன்பெட்டிகள் ஏற்கெனவே விழத் தொடங்கியிருக்கும், உங்களை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போகும். நடுவில் இரண்டும் மிதமாக இருக்கும்.

உட்கார்ந்ததும் இடுப்பை நன்றாகப் பின்னால் தள்ளுங்கள். முதுகுக்கும் இருக்கைக்கும் இடைவெளி விட்டு லேப் பாரை (மடிமேல் இறங்கிப் பிடிக்கும் கம்பி) பூட்டினால் பயணம் முழுக்கக் குலுங்குவீர்கள். ஊழியர் வந்து அதை இழுத்துப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் அப்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஏற்றம்

ரயிலை மேலே இழுக்கும் செயின் கொக்கியைப் பிடிக்கும்போது பெட்டி ஒரு தடவை உதறும். பிறகு 'டக் டக் டக்' சத்தம். பலரையும் மிரட்டுவது இந்தச் சத்தம்தான். எனக்கோ அது ஆறுதல். பெட்டிக்கு அடியில் இருக்கும் ஒரு இரும்பு நாக்கு, ஏற்றத்தில் உள்ள பற்களைத் தாண்டித் தாண்டி விழுகிற சத்தம் அது. செயினே அறுந்தாலும் ரயில் பின்னோக்கி உருளாமல் அந்த நாக்கு பிடித்துக்கொள்ளும்.

ஏறும்போது கீழே பார்க்காதீர்கள், கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். ஆடாத ஒரு கோடு கண்ணுக்குக் கிடைத்தால் தலை சுற்றாது. கரையில் நிற்பவருக்கு அந்தக் கோடு சுமார் 5 கிலோமீட்டரில் முடியும். 65 மீட்டர் உயரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வரை விரியும். படகுகள் அரிசிமணி அளவுக்குச் சிறுத்துப்போயிருக்கும். நான் இந்த ரைடில் ஏறுவதே பாதி இந்தக் காட்சிக்காகத்தான்.

இறக்கம்

டக் டக் நின்றுவிடும். சரி, இப்போது தலையை இருக்கையோடு சாய்த்து, கண்ணைத் திறந்தே வைத்து, மூச்சை வெளியே விடுங்கள். கத்தினால் இன்னும் நல்லது, கத்தும்போது மூச்சை அடக்கி வைக்க முடியாது அல்லவா? கண்ணை மூடினால் அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் கழுத்து அடிபடும்.

அடிவயிறு மேலே எழும்புவது போல இருக்கும். நீங்களும் இருக்கையும் சேர்ந்தே விழுவதால், இருக்கை உங்களைத் தாங்குகிற அழுத்தம் குறைந்துவிடுகிறது. அதனால் வருகிற உணர்வு அது. ரயில் தண்டவாளத்தை விட்டு எழும்பாது. சக்கரங்கள் மேலே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் அடியிலும் தண்டவாளத்தைக் கவ்வியிருக்கின்றன. பள்ளத்தின் அடியில் உடம்பு திடீரென்று கனக்கும். அப்போது தொடையையும் வயிற்றையும் இறுக்கிக்கொள்ளுங்கள், கண் இருட்டாது.

அதற்குப் பிறகு எல்லாம் எளிது. செயின் விட்டதும் ரயிலை இழுக்க வேறு எதுவும் கிடையாது, ஏறிய உயரம்தான் ஓடுகிற வேகமாக மாறுகிறது. உரசலிலும் காற்றிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால், அடுத்து வரும் எந்த மேடும் முதல் மேட்டின் உயரத்தை எட்டாது. ஒவ்வொரு மேட்டிலும் தோளைத் தளர்த்துங்கள், கையை வேண்டுமானால் லேப் பாரிலேயே வைத்திருங்கள்.

கடைசியில் பிரேக் வெடுக்கென்று பிடிக்கும். தலையைச் சாய்த்தே வைத்திருங்கள். லேப் பார் தானாகத் திறந்த பிறகு மெதுவாக எழுந்திருங்கள். கால் சற்று நடுங்கும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, ஐந்து நிமிடம் கடற்காற்றில் உட்காருங்கள். முதல்முறை நான் கூட்டிப்போனவர்களில் பலர் அந்த ஐந்து நிமிடத்துக்குள்ளேயே என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்தத் தடவை முன்வரிசையில் உட்காரலாமா?"